திருமதி தாழ்ப்பாள் ஏணியும் மற்ற நாற்பது பேரும்

அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் ஒருவர் இருக்கிறார். ஐம்பத்து மூவாயிரம் பேருக்குப் பெயர் வைத்தவர். ஒருத்திக்குத் தாழ்ப்பாள் என்று வைத்தார், அவளுடைய அப்பாவுக்கு ஏணி. ஒரு பெரிய மனிதருக்கு வாளி. அவருடைய இரட்டைக் குழந்தைகளுக்குத் துடைப்பம், மூடி. இதற்கு அவருக்கு மாதச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள். கம்ப்யூட்டர் பிரிவில் எல்லாருக்கும் அவர் முகமூடிக்காரர்.

விளையாட்டில்லை, நிஜமாகவே அது ஒரு வேலை. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் பெயர், போன் நம்பர், விலாசம், வியாதி எல்லாம் ஒரு பெரிய கம்ப்யூட்டரில் கிடக்கிறது. புதுப்புதுத் திரைகளைச் செய்கிற புரோகிராமர்களுக்கு, செய்ததை ஓட்டிப் பார்க்க அதே மாதிரி தகவல் வேண்டும். நிஜத்தில் கை வைக்க விட முடியுமா? அதனால் புதன்கிழமைதோறும் எல்லாவற்றையும் அப்படியே ஒரு நகல் எடுப்பார்கள். அந்த நகல் புரோகிராமர்கள் கைக்குப் போவதற்கு முன்னால், அதில் இருக்கிற ஒவ்வொருவரையும் அவரைப் பெற்றவளே அடையாளம் கண்டுபிடிக்க முடியாதபடி மாற்றிவைக்க வேண்டும். அதுதான் நம்மவரின் பிழைப்பு.

ஆறு வருடத்துக்கு முன்னால் இப்படி ஒரு ஆள் கிடையாது. நகலை நகலாகவே கொடுத்துவிடுவார்கள். ஒரு புரோகிராமர், குறுஞ்செய்தி ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க, வாய்க்கு வந்ததை அடித்துப் பொத்தானை அழுத்தினார்: “நாளை காலை உங்கள் வலது முழங்கால் கழற்றப்படும். வெறும் வயிற்றில் வரவும்.” அது இரண்டாயிரத்து இருநூறு நிஜ போன்களுக்குப் போய்விட்டது. மறுநாள் பத்தொன்பது பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் வெறும் வயிற்றோடு. ஒருவர் மட்டும், வலது கால் நன்றாகத்தான் இருக்கிறது, இடதைக் கழற்றினால் உபகாரமாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டார். நிர்வாகம் விழித்துக்கொண்டு ஆள் தேடியது. மூலையில் சத்தம் போடாமல் நகல் எடுத்துக்கொண்டிருந்தவரைப் பிடித்து உட்காரவைத்தது.

உட்கார்ந்தவர் வேலையில் புலி. ஒரு நோயாளிக்கு ஒரு பெயர் வைத்தால் பரிசோதனைக் கூடத்திலும் மருந்துக் கடையிலும் அதே பெயர்தான் வரும். தாழ்ப்பாளின் ரத்த ரிப்போர்ட் வாளிக்குப் போகாது. தேதிகளையும் விடமாட்டார். ஒருவருக்கு ஒன்பது நாள் முன்னால் தள்ளுவார், இன்னொருவருக்கு இருபத்திரண்டு நாள் பின்னால் இழுப்பார். எந்தப் பெயர் யாருடையது என்கிற பொருத்தப் பட்டியல் தனி அறையில், பூட்டிய கம்ப்யூட்டரில் இருந்தது. சாவி அவரிடம். ஆனாலும் அவர் அதைத் திறந்து வேடிக்கை பார்த்ததே கிடையாது. சட்டை மடித்து வருகிற பெட்டியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வைத்திருந்தார். நிஜத் தகவல் திரையில் இருக்கும்போது தலைப்பு வரிசை மட்டும் தெரியும்படி அந்த அட்டையைத் திரைமேல் சாத்திவிட்டு வேலை செய்வார். ஊரான் வியாதி எனக்கெதற்கு என்பார்.

போன் நம்பரில்தான் முதலில் ஒரு கோளாறு. ஆரம்பத்தில் அவராக ஏதோ நம்பர்களைக் கற்பனை செய்து போட்டார். கற்பனை நம்பருக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார். ரொட்டிக் கடைக்காரர். “ஏம்ப்பா, எனக்குப் பிரசவத் தேதி நெருங்குதுன்னு வாரத்துக்கு மூணு தடவை சொல்றீங்களே, என்ன விஷயம்?” என்று நேரிலேயே வந்து கேட்டுவிட்டார். அன்றைக்கே ஐம்பத்து மூவாயிரம் பேருக்கும் தன்னுடைய சொந்த நம்பரைப் போட்டுவிட்டார் நம்மவர். அதற்குப் பிறகு புரோகிராமர்கள் எந்தச் செய்தியைச் சோதித்துப் பார்த்தாலும் அது அவருடைய சட்டைப் பையில்தான் வந்து விழும்.

வீட்டில் மனைவிக்கு அது தினசரிப் பத்திரிகை. அந்த அம்மாளுக்கு ஒரு கண்ணாடிக் கடையில் வேலை, வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் பொருந்துகிற மாதிரி கண்ணாடியை வளைத்துக் கொடுக்கிற வேலை. சாயங்காலம் திரும்பியதும் அவருடைய போனைப் பிடுங்கிக்கொண்டு சோபாவில் சாய்ந்துகொள்வாள்.

“ஏங்க, இன்னிக்கு உங்களுக்கு ரெண்டு கடவாப் பல்லைப் பிடுங்குறாங்களாம்.”

“பிடுங்கட்டும்.”

“சிறுநீர் சாம்பிள் எடுத்துட்டு வரச் சொல்றாங்க. நாலு பேருக்கு. ஒரே ஆளு எப்படிங்க சமாளிப்பீங்க?”

நடுநடுவே கர்ப்பிணிகளுக்கான செய்திகளும் வரும். ரொம்ப நாளாக அதை மட்டும் அவள் வாசிக்காமல் தாண்டிப் போய்விடுவாள். ஒருநாள் அவளே, “அடேயப்பா, இன்னிக்கு உங்க போன்ல பதினாறு பேரு உண்டாயிருக்காங்க!” என்று சொல்லிச் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு அதுவும் தினசரி நிலவரத்தில் சேர்ந்துகொண்டது.

தாண்டிப் போனதற்குக் காரணம் இருந்தது. கல்யாணமாகி ஒன்பது வருடம். இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் தங்கவில்லை. முதல் முறை, தெரிந்த அன்றைக்கே நம்மவர் ஒரு டப்பா மிட்டாயோடு வாசல் காவலாளியிலிருந்து நான்காம் மாடி கான்டீன் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டார். எட்டாவது வாரம் கலைந்தது. பிறகு, “வீட்ல எப்படி இருக்காங்க? எத்தனாவது மாசம்?” என்று பார்த்தவர்கள் எல்லாம் கேட்க, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த அவளையும் லிஃப்டில் பார்த்துக் கேட்டார்கள். இரண்டாம் முறை மூச்சு விடுவதில்லை என்று சபதம் போட்டுக்கொண்டுதான் வந்தார். ஆனால் அந்த முகம் இருக்கிறதே, அது சும்மா இருக்குமா? காலை பத்து மணிக்குள் லிஃப்ட்காரரே கைகுலுக்கிவிட்டார். ஐம்பத்து மூவாயிரம் பேரின் ரகசியத்தைக் காப்பாற்றுகிறவருக்குத் தன் சந்தோஷம் ஒன்றை மட்டும் மறைக்கத் தெரியவில்லை. அதுவும் போன பிறகு, குழந்தை குட்டி என்று யார் பேச்செடுத்தாலும் அந்தக் கணக்கில் தன்னைச் சேர்க்காமல் விடப் பழகிவிட்டார். பாவம், பழகியதே அவருக்குத் தெரியாது.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருவோம்.

மத்தியானம் மூன்று மணிக்குப் பெரிய ஹாலில் ஒரு நிகழ்ச்சி. வரவேற்புப் பெண்களுக்காகச் செய்த புதுத் திரையை டாக்டர்கள், நர்ஸுகள், வரவேற்பு, மருந்துக் கடை என்று ஆஸ்பத்திரி முழுக்கவும் உட்காரவைத்துச் சுவரளவு திரையில் காட்டப் போகிறார்கள். பன்னிரண்டரை மணிக்கு, கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் சோதனைக்காரி. புரோகிராமர்கள் செய்ததில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. கொட்டினால் வலிக்கும் என்பதால் தேள் என்று பெயர். முதல் ஸ்கேனுக்குப் பதிவு செய்திருந்த கர்ப்பிணிகள் அத்தனை பேருக்கும் நினைவூட்டல் அனுப்பிப் பார்த்தாள். நம்மவர் பையில் போன் வண்டு மாதிரி துடிக்க ஆரம்பித்தது. நாற்பத்தொரு முறை துடித்து ஓய்ந்தது.

“அண்ணா, கொஞ்சம் இங்க வாங்க” என்றாள் தேள். குரலில் வழக்கமான காரம் இல்லை.

போய்ப் பார்த்தால் திரையில் பெயர் தாழ்ப்பாள், ஏணி, வாளி என்று சரியாக இருந்தது. ஓரத்தில் அவர் பார்த்தே இராத ஒரு கட்டம். தலைப்பு: குறிப்பு. பத்து நாளைக்கு முன்னால் வரவேற்புப் பெண்கள் கேட்டார்கள் என்று யாரோ சேர்த்திருக்கிறார்கள். அவருக்குச் சொல்லவில்லை. அவருடைய பட்டியலில் மறைக்க வேண்டிய கட்டங்கள் பதினொன்று. இது பன்னிரண்டாவது. ஆகவே உள்ளே எழுதியிருந்தது ஒரு எழுத்துக்கூட மாறாமல் அப்படியே நகலுக்கு வந்திருந்தது.

“புதுசா எழுதினது மேல நிக்கும்ணா. மூணு மணிக்குத் திரையைத் திறந்தா முதல் வரியே இதுதான்” என்று தேள் மெதுவாக வாசித்தாள். “கணவர் நம் ஆஸ்பத்திரியிலேயே மூன்றாம் மாடி கம்ப்யூட்டர் பிரிவு. அவருக்குத் தெரியவே கூடாது. ஸ்கேனில் இதயத் துடிப்பு கேட்ட பிறகு தானே சொல்கிறாராம். வீட்டுக்குப் போன் செய்ய வேண்டாம்.”

“போதும், போதும்!” நம்மவர் பாய்ந்துபோய்த் தன் மேஜையிலிருந்த அட்டையை எடுத்துவந்து அவள் திரைமேல் சாத்தினார்.

அதற்குள் தேளின் கண் அடுத்த வரியையும் பார்த்துவிட்டது. ஒன்பது வருடம் என்று ஒரு சொல், இரண்டு முறை என்று இன்னொரு சொல். அவள் அட்டையைப் பார்த்தாள், பிறகு அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதரைப் பார்த்தாள்.

“அண்ணா, நம்ம செக்‌ஷன்ல கல்யாணமானவங்க எத்தனை பேரு?”

நம்மவர் விரல் விட்டு எண்ணினார். “வயர்காரன். பிரிண்டர் அண்ணன். நம்ம தலைவர். மூணு பேரும்மா. மத்தவங்கெல்லாம் ஒண்டிக்கட்டைதானே.”

“நாலாவதா ஒருத்தர்...”

“நாலாவதா யாரு?”

நிஜமாகவே யோசித்தார். உங்களுக்குப் புரிந்துவிட்டது, தேளுக்கும் புரிந்துவிட்டது, அந்த அட்டைக்குக்கூட ஓரளவு புரிந்திருக்கும். அவர் மட்டும் மடங்கிய நாலாவது விரலை வெறித்துப் பார்த்துவிட்டு, “இல்லையே, மூணுதான்” என்றார். தேளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது அவர் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். “இங்க பாரும்மா. யாரா இருந்தா என்ன, அந்தப் பொண்ணு தன் வாயால சொல்லணும்னு நினைச்சிருக்கா. ஹால்ல நூறு பேரு முன்னாடி சுவத்துல தெரிஞ்சு புருஷன் தெரிஞ்சுக்கலாமா? விட்டுடுவேனா நான்?” என்றார். அந்த நூறு பேரும் என்ன கேட்பார்கள், எத்தனை மாதம் கேட்பார்கள் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

எல்லாக் குறிப்பையும் மாற்றி ஓட்டி முடிக்க ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும். மணி பன்னிரண்டே முக்கால். கட்டத்தை ஒரேயடியாகக் காலி செய்துவிடலாம் என்றால் புரோகிராமர்கள் குதித்தார்கள். எழுத்து நிறைந்திருந்தால்தான் திரை தாங்குகிறதா என்று தெரியுமாம். “எழுத்துதானே வேணும்? கொடுத்துட்டாப் போச்சு” என்று நம்மவர் உட்கார்ந்தார். அவர் அடிக்க, தேள் சொல்ல, அறுபது வாக்கியங்கள் பிறந்தன. வாளிக்கு லேசான இருமல். ஏணியில் உணவுக்குப் பின் ஏறவும். துடைப்பம் இரவில் முனகுவதாக உறவினர் கூறுகின்றனர். பத்தாவது வாக்கியத்திலேயே இரண்டு பேருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. முப்பதாவதில் தேள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஒரு மணி பத்துக்கு ஓட்டம் தொடங்கியது. மாற்ற வேண்டிய குறிப்பு எதுவாக இருந்தாலும், நீளத்துக்கு ஏற்றபடி இந்த வாக்கியங்களில் இரண்டோ மூன்றோ போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஓட்டம் நடக்கிற நேரத்தில் அவர் செய்ய ஒன்றுமில்லை. தனி அறைப் பூட்டின் சாவி பையில் உறுத்தியது. உள்ளே போய் அந்த ஒரு வரியைத் தட்டினால் போதும், மூன்று பேரில் யார் என்று தெரிந்துவிடும். வாழ்த்தக்கூட வேண்டாம், யார் என்று தெரிந்தால் மனசாரச் சந்தோஷப்படலாம். எழுந்தார். கதவுவரைக்கும் போனார். பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சாவியைக் கொண்டுவந்து தேளிடம் கொடுத்து, “மூணு மணிவரைக்கும் கேட்டாலும் குடுத்துடாத” என்று சொல்லிவிட்டார்.

யார் என்று தெரியாததால் மூன்று பேருக்கும் சேர்த்தே சந்தோஷப்பட்டார். ஆறு மாதத்துக்கு முன்னால் கல்யாணமான வயர்காரர் ஏணியில் ஏறப் போனபோது, “நீ இறங்குப்பா, உனக்கெதுக்கு ரிஸ்க்?” என்று தானே ஏறி, எந்த வயரை எங்கே செருகுவது என்று தெரியாமல் மேலேயே நின்றார். ஏற்கெனவே மூன்று பெண்களைப் பெற்ற பிரிண்டர் அண்ணனின் தோளைத் தட்டி, “நாலுன்னா என்னண்ணே, வீடு கலகலன்னு இருக்கும்” என்றார். பிரிண்டர் அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. அவசரமாக வீட்டுக்குப் போன் போட்டார். ஓய்வு பெற இரண்டு வருடமே பாக்கியிருக்கிற தலைவருக்குத் தானே போய்க் காப்பி வாங்கிவந்து வைத்து, ஒருவித பக்தியோடு அவரை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னய்யா, லீவு வேணுமா?” என்றார் தலைவர்.

“சாதிச்சுட்டீங்க சார்!”

“என்னத்தய்யா சாதிச்சேன்?”

நம்மவர் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்துவிட்டார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தேள் கண்ணைத் துடைத்தபடி, “அண்ணா, நீங்க உக்காருங்க ஒரு இடத்துல, உங்க முகத்தைப் பாத்தா எல்லாம் வெளிய தெரியுது” என்றாள். அவருக்குப் பெருமையாக இருந்தது. தலைகால் புரியாத சந்தோஷம், அதுவும் யாருடையதோ.

இரண்டு மணி ஐம்பதுக்கு ஓட்டம் முடிந்தது. மூன்று மணிக்கு ஹாலில் விளக்கு அணைந்து சுவரில் திரை விரிந்தது. முதல் வரியில் திருமதி தாழ்ப்பாள் ஏணி. பெரிய டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார்: “இடது வாளியில் லேசான இரைச்சல். துடைப்பம் இரவில் முனகுவதாக உறவினர் கூறுகின்றனர். மூன்று நாள் கழித்து மூடியுடன் வரவும்.” ஹாலே அதிர்ந்தது. நர்ஸுகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். எலும்பு டாக்டர் நாற்காலியிலிருந்து வழுக்கினார். சிரிப்பு ஓய்ந்ததும் பெரிய டாக்டர் கேட்டார், “இதுல நிஜம் ஏதாவது இருக்கா?”

“ஒரு எழுத்துகூட இல்ல சார்” என்றார் நம்மவர், கடைசி வரிசையில் எழுந்து நின்று. அப்படி ஒரு நிம்மதி அவருக்கு வந்து ரொம்ப நாளாகியிருந்தது.

வெளியே வந்ததும் தேள் அவருடைய சாவியையும் பையையும் எடுத்துக் கையில் கொடுத்தாள். “வீட்டுக்குப் போங்கண்ணா.”

“இன்னும் பட்டியலை மாத்தணும்மா. இனிமே எல்லாக் கட்டத்தையும் மறைச்சுட்டு, எது தேவையோ அதை மட்டும் திறக்கிற மாதிரி...”

“நாளைக்கு. இப்பப் போங்க. போறீங்களா, கொட்டட்டுமா?”

ஐந்து மணி வெயில் ஜன்னலில் இருக்கும்போதே வீட்டுக்குள் நுழைந்தார். மனைவி அவருக்கு முன்பே வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தாள். கடையில் பாதி நாள் லீவாம். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கையை நீட்டினாள். போனைக் கொடுத்தார். ஆனால் அவள் அதைத் திறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

“இன்னிக்கு எத்தனை பேரு உண்டாயிருக்காங்க?”

“நாப்பத்தொண்ணு” என்றார் உற்சாகமாக. “கேளேன், இன்னிக்கு என்ன நடந்துச்சு தெரியுமா...”

“அதுல ஒண்ணு நான்தாங்க.”

அவர் ஒரு செருப்போடு நின்றார்.

“காலையில ஸ்கேன். உங்க மூணாவது மாடிக்கு நேர் கீழ, தரைத் தளத்துல. துடிப்பு கேட்டுச்சுங்க. குதிரை ஓடற மாதிரி கேட்டுச்சு. பன்னெண்டு வாரம்.” அவள் போனை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். “முன்னாடியே சொல்லியிருப்பேன். உங்க முகம் ஊருக்கெல்லாம் சொல்லிடும். மறுபடி நீங்க ஒவ்வொருத்தருக்கா இல்லைன்னு சொல்றதை என்னால பாக்க முடியாதுங்க.”

அவருடைய கை தானாக மேலே வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் நீண்டது. பிறகு நாலாவது, இத்தனை நேரம் மடங்கியே கிடந்தது, மெல்ல நிமிர்ந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நான் பாக்கல” என்றார் முதலில். “சத்தியமா பாக்கல. சாவியைக்கூடக் குடுத்துட்டேன்.” அவள் மடியில் தலையை வைத்து, ஒரு செருப்போடு, குலுங்கிக் குலுங்கி அழுதார். சிரிப்பும் இருந்தது அதில். அவளுக்கும் அப்படித்தான்.

கொஞ்சம் அடங்கியதும் அவளே போனைத் திறந்தாள். “இதுல நான் யாருங்க?”

இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு தேடினார்கள். அன்புள்ள திருமதி ஜன்னல் சொம்பு. அன்புள்ள திருமதி பம்பரம். அன்புள்ள திருமதி தாழ்ப்பாள் ஏணி. “இதுவா? சேச்சே, இவ்வளவு நீளமாவா எனக்குப் பேரு?” ஸ்கேன் தேதியை வைத்துக் கண்டுபிடிக்கலாமா என்றால் இன்றைய தேதியில் ஒருத்தரும் இல்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் நகர்ந்திருந்தது. செய்தியில் போட்டிருந்த வயது? அதுவும் மாறியிருந்தது. விலாசத்தில் இல்லாத தெருக்கள். போன் நம்பர் எல்லாருக்கும் அவருடையதே. நாற்பத்தொன்றையும் முதலிலிருந்து கடைசிவரை இரண்டு முறை சத்தமாக வாசித்தார்கள். அவருக்கு அவளைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

“பாத்தியா,” என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “எவ்வளவு நல்லா மறைச்சிருக்கேன்!”

“ஏன், நான் மட்டும் என்ன குறைச்சலாவா மறைச்சேன்?” என்றாள் அவள்.